கேப்டன் லட்சுமியின் ஊருக்கு ஒரு பனிக்காலப் பயணம்

ஜனவரி 6, செவ்வாய் – நாக்பூர் தாண்டி, போபால் வரை

இந்தப் பயணம் முழுக்க சித்தியின் ஆசை. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். அதே ஆஸ்பத்திரியில்தான் 1940க்கு முன்னால் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் வேலை பார்த்தார், பின்னாளில் நேதாஜியின் பெண்கள் படையை நடத்திய கேப்டன் லட்சுமி இவர்தான். 1938இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ்., அடுத்த வருஷம் மகப்பேறு டிப்ளமா, அப்புறம் கோஷா. "நான் நடந்த வராண்டாவுல அவங்களும் நடந்திருக்காங்கடி, அவங்க கடைசி வரைக்கும் இருந்த கான்பூரை ஒரு தடவையாவது பார்க்கணும்" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஜனவரியில் எனக்கு லீவு கிடைத்தது, சித்திக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருந்தது, கிளம்பிவிட்டோம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தட்டை என்று சித்தி ஒரு பை நிறையக் கட்டி வந்திருந்தார். நாக்பூரில் வலைப்பையில் ஆரஞ்சு விற்றார்கள், ஒரு பை நூறு ரூபாய். வண்டி நகரும்போது எண்பதுக்குக் கொடுத்துவிட்டு ஓடினான் ஒரு பையன். நல்ல சாறு, கொட்டைதான் நிறைய.

எதிர் சீட்டில் ஒரு தம்பதி, ஜான்ஸியில் இறங்குபவர்கள். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சித்தி மேல் பெர்த்தைப் பார்த்து யோசிப்பதைக் கவனித்ததுமே, யாரும் கேட்காமல் தன் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டார். ஒவ்வொரு தடவை டீ வரும்போதும் முதல் கப்பை மனைவிக்கு வாங்கி, சூடு ஆறும்வரை கையில் பிடித்திருந்து கொடுக்கிறார். அந்த அம்மாவுக்கு விரல்களில் நடுக்கம். கணவர் எல்லையில் இருந்த வருஷங்களில் வயலையும் மாமியாரையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தானாம். என் அரைகுறை இந்தியில் எங்கே போகிறோம் என்று சொன்னேன். கேப்டன் லட்சுமி என்றதும் அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட, பக்கத்தில் சீருடையில் அவர் நடக்கும் அந்தப் படம்தான் அவருக்கு ஞாபகம். அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கே போனார் என்று கேட்டார். நம் ஊரிலும் அநேகம் பேர் அந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இருட்டின பிறகு போபால். பிளாட்பாரத்தில் காகிதத்தில் மடித்துத் தந்த போஹா (அவல் உப்புமா), மேலே சேவும் மாதுளையும், இருபது ரூபாய். சித்தி சாப்பிடாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1984 டிசம்பரில் இங்கே விஷவாயு கசிந்தபோது, கான்பூரிலிருந்து மருத்துவக் குழுவை அழைத்துக்கொண்டு வந்தார் லட்சுமி. அப்போது அவருக்கு எழுபது வயது. "எழுபது வயசுல நான் மாடிப்படி ஏறவே யோசிக்கிறேன்" என்றார் சித்தி, அப்புறம் போஹாவைக் கையில் எடுத்தார்.

ஜனவரி 7, புதன் – ஜான்ஸி, அப்புறம் பனி, பனி, பனி

விடியும் முன்பே ஜான்ஸி வந்திருக்க வேண்டும். வந்தபோது நன்றாக விடிந்திருந்தது, ஆனால் விடிந்த மாதிரியே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை, அவ்வளவுதான். தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மா சித்தியின் தலையில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரியவில்லை, சித்திக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

ஸ்டேஷன் பலகையில் இப்போது வீராங்கனா லட்சுமிபாய் ஜான்ஸி என்று இருக்கிறது. கோட்டை பக்கத்தில்தான், ஆனால் பிளாட்பாரத்தின் அந்த முனையே தெரியாதபோது கோட்டை எங்கே தெரியும்? வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நிற்கட்டும் என்று இறங்கி, மண் கோப்பையில் டீ குடித்தோம், பத்து ரூபாய், இஞ்சி தூக்கல்.

அந்தக் குளிரில் நின்றபடி எனக்கு மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஞாபகம் வந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்குத் தனிப் படை என்று அறிவித்து, 1858இல் சண்டையில் இறந்த இந்த ஊர் ராணியின் பெயரை வைத்தார். அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பு, அங்கே ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த 28 வயது டாக்டர் லட்சுமிக்கு. அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்தது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இந்தியாவையே பார்த்திராதவர்கள் எத்தனையோ பேர். ஜான்ஸி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலேயே ஜான்ஸி ராணிப் படை என்ற பேட்ஜைக் குத்திக்கொண்டு ரைஃபிள் பிடித்தார்கள். கோலாலம்பூர் கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி என்ற பெண், பிற்பாடு மலேசிய இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 2000இல் பத்மஸ்ரீயும் வந்தது. மற்றவர்கள் பர்மா போய்த் திரும்பி, பழைய தோட்டத்துக்கே போய், பழைய மரத்தையே வெட்டினார்கள். அவர்கள் பெயரை எந்த ஸ்டேஷனுக்கும் யாரும் வைக்கவில்லை. எனக்கு இது உண்மையாகவே தாங்கவில்லை.

ஜான்ஸியிலிருந்து கான்பூர் இருநூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்தான். பகல் முழுக்க ஆனது. நிற்கும், ஊரும், மறுபடி நிற்கும். சாப்பாடு விற்பவர்கள் மதியத்துக்கு மேல் வருவதை நிறுத்திவிட்டார்கள், சித்தியின் தட்டைதான் எங்கள் பெட்டிக்கே படியளந்தது. பக்கத்துப் பெட்டியில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்ணுக்கு வெந்நீர் வேண்டியிருந்தது, யார் யாரோ ஃபிளாஸ்கைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார்கள்.

கான்பூர் சென்ட்ரலில் இறங்கியபோது இரவு எட்டு. ஆட்டோ இருநூற்றைம்பது கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். லாட்ஜில் கீசர் போட்டால் ஃபியூஸ் போகிறது. இரண்டு வாளி வெந்நீர் கீழிருந்து தூக்கி வந்து கொடுத்த பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். காசு நீட்டினால் வாங்க மறுத்துவிட்டான்.

ஜனவரி 8, வியாழன் – ஆர்ய நகர்

காலையில் மக்கன் மலாய். பாலைக் கடைந்து, பனியில் வைத்து, நுரையாக எடுத்துக் குங்குமப்பூ போட்டு, இலைத் தொன்னையில் தருகிறார்கள். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், வெயில் ஏறினால் உட்கார்ந்துவிடும் என்பதால் காலையிலேயே முடிந்துவிடுகிறது. தொன்னை நாற்பது ரூபாய். சித்தி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் இன்னொன்று கேட்டார்.

லட்சுமியின் க்ளினிக் இருந்த ஆர்ய நகர், கான்பூர் சென்ட்ரலிலிருந்து அதிக தூரமில்லை. ஷேர் இ-ரிக்‌ஷாவில் தலைக்கு இருபது. டிரைவர் சின்னப் பையன், அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மருந்துக் கடையில் கேட்டோம். கவுண்டரில் இருந்த பெரியவர் கையில் இருந்த சீட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் என்று கை காட்டினார். தன் தாயாரும் டாக்டர் சாஹிபாவிடம் போனவர்தான் என்றார். ஸ்டூல் எடுத்துப் போட்டு சித்தியை உட்காரச் சொன்னார். தெருவில் கொய்யாப்பழ வண்டி, டியூஷன் போர்டுகள், ஸ்கூட்டர் ஹாரன், நாலு பேர் சேர்ந்து நெருப்பு காய்ந்துகொண்டிருக்கும் மூலை. சாதாரண வீதி.

இந்தச் சாதாரண வீதியைப் பார்க்கத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம். சீருடை போட்டு அவர் இருந்தது இரண்டு வருஷம். கான்பூரில் ஸ்டெதஸ்கோப்போடு இருந்தது அறுபது வருஷத்துக்கும் மேல். 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சேகலைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தார். சேகலும் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரி, நேதாஜியின் ராணுவச் செயலாளராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் ராணுவம் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் துணி மில் வேலைக்குப் போனார், இவர் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். வந்த உடனேயே பிரிவினை. பாகிஸ்தானிலிருந்து சாரை சாரையாக வந்த அகதிகளில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள். அவர்களைப் பார்க்கத் தொடங்கியவர் 2006இல், 92 வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனைவி என்றால் கணவரின் நிழலில் நிற்பவள் என்று சொல்லிப் பழகிய ஊர்கள் நம்முடையவை. இந்த இரண்டு பேரையும் பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. ஒரே போரில், ஒரே தோல்வியில் இருந்தவர்கள், அதன் பிறகு பெருமை பேசிக் காலம் தள்ளாமல் ஒரு மில் நகரத்தில் குடும்பம் நடத்தி, இரண்டு மகள்களை வளர்த்து, 45 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1971இல் வங்காள தேசத்து அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது லட்சுமி போங்காவ் முகாமுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். அப்போது வயது 56, வீட்டில் கணவர். போவதும் வருவதும் அந்த வீட்டின் வழக்கமாகவே இருந்திருக்க வேண்டும். 1992 அக்டோபரில் சேகல் காலமானார். அதற்குப் பிறகும் பல வருஷம் லட்சுமி இந்தத் தெருவுக்கு வந்து போனார்.

1984 நவம்பரில் சீக்கியர்களைத் தேடித் தேடி அடித்தபோது கான்பூரிலும் கும்பல் வந்தது. லட்சுமி தெருவில் இறங்கி நின்றார். க்ளினிக் இருந்த அந்த நெருக்கமான பகுதியில் ஒரு சீக்கியர் மீதும், ஒரு சீக்கியர் கடை மீதும் கை வைக்க விடவில்லை. அந்தத் தெருவின் அகலத்தை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைத்தது. ஒளிய இடமே இல்லாத தெரு.

க்ளினிக் இருந்த பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம், குடியிருப்புப் பகுதி என்பதால் யார் கதவையும் தட்டவில்லை. மதியம் ஒரு சின்ன ஹோட்டலில் நிமோனா, பச்சைப் பட்டாணியை அரைத்து வைக்கும் குழம்பு, சோற்றோடு எண்பது ரூபாய். இந்தக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு இருக்க முடியாது.

சாயங்காலம் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரி வாசல். ஊர்க்காரர்களுக்கு அதன் ஆஸ்பத்திரி இன்னமும் ஹேலட்தான். 2012 ஜூலை 23இல், 97 வயதில் லட்சுமி இறந்தபோது அவர் விருப்பப்படியே உடலை இந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அதனால் இந்த ஊரில் போய் மாலை போட அவருக்குச் சமாதி கிடையாது. நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். நர்ஸிங் படிக்கும்போது முதன்முதலாக அனாடமி ஹாலுக்குள் போன நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். "டாக்டருக்கு இதைவிட நல்ல முடிவு எதுடி? செத்தப்புறமும் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருக்காங்க" என்றார். வாசலில் மல்லிகை எங்கும் கிடைக்கவில்லை, செண்டுமல்லிச் சரம்தான் இருந்தது. இருபது ரூபாய்க்கு வாங்கி, ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார். வாட்ச்மேன் ஏன் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, அதை யாரும் மிதிக்காதபடி எடுத்துக் கிளையில் மாட்டினார்.

ஜனவரி 9, வெள்ளி – பிட்டூர்

மெட்ரோவில் கல்யாண்பூர் வரை, அங்கிருந்து ஆட்டோ, போக வர காத்திருப்போடு அறுநூறு. கான்பூருக்கு வெளியே கங்கைக் கரையில் இருக்கிறது பிட்டூர். ஜான்ஸி ராணி மனுவாக, சின்னப் பெண்ணாக, 1857 கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான நானா சாகிபோடு சேர்ந்து வளர்ந்த ஊர் இதுதான். அந்த லட்சுமி குழந்தையாக ஓடிய மண்ணும், அவர் பெயரில் படை நடத்திய இந்த லட்சுமி கிழவியாக நடமாடிய மண்ணும் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கின்றன. மெட்ராஸில் பிறந்து, சிங்கப்பூர் போய், பர்மாவில் பிடிபட்டு, லாகூரில் தாலி கட்டிக்கொண்டு, கடைசியில் இங்கே வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்ததா என்ன! சித்தி அப்படித்தான் நம்புகிறார். நான் மறுக்கவில்லை.

பிரம்மாவர்த்தக் கட்டத்தில் பனி விலகவே பதினொரு மணி ஆனது. பிரம்மா யாகம் செய்த இடம் என்கிறார்கள், ஒரு ஆணியைக் காட்டிக் கும்பிடச் சொல்கிறார்கள். படகுக்காரர் நானூறில் தொடங்கி இருநூறுக்கு வந்தார். தண்ணீர் ஐஸ். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு, சித்தி குளிருக்கு நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். பீடி நாற்றம் அடிக்கும் கம்பளி, சித்தி ஒன்றும் சொல்லாமல் இழுத்து மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கடுகு வயல், மஞ்சள் பூ, பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. டிரைவர் யாரையோ கூப்பிட்டு, வேறு ஆட்டோ வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பக்கத்துக் குடிசைக்காரர் கயிற்றுக்கட்டிலைத் தூக்கி ரோட்டோரம் போட்டு, வெல்லமும் தண்ணீரும் கொடுத்தார். முதல் டிரைவர் முந்நூறு மட்டும் வாங்கிக்கொண்டார், முழுசாகக் கொடுத்தால் கையை எடுத்துக் கும்பிடுகிறார்.

ஜனவரி 10, சனி

சித்திக்குக் காய்ச்சல். மாத்திரை, ரொட்டி, தூக்கம். நான் மட்டும் போய் 'டக்கு கே லட்டு' என்ற கடையில் கால் கிலோ லட்டு வாங்கி வந்தேன், நெய் வாசனைக்கே பாதி வயிறு நிறைந்தது. சித்திக்கு நானூற்றைம்பதுக்கு ஒரு கம்பளிச் சால்வை.

படுத்தபடியே சித்தி 2002 ஜனாதிபதி தேர்தலைப் பற்றிப் பேசினார். ராமேஸ்வரத்து அப்துல் கலாமை எதிர்த்து, இடதுசாரிகள் நிறுத்திய வேட்பாளர் நம் மெட்ராஸ் பெண் லட்சுமி. வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. தோற்பது உறுதி என்று தெரிந்தும் 87 வயதில் நின்றார். "அன்னிக்கு எங்க வார்டுல யாரு ஜெயிச்சாலும் நம்ம ஆளுன்னு சொன்னாங்க, எனக்கு மட்டும் அழுகையா வந்துச்சு" என்றார் சித்தி. அவருக்குக் கலாமையும் பிடிக்கும்.

ஜனவரி 11, ஞாயிறு – டெல்லி, செங்கோட்டை

காய்ச்சல் விட்டது. ராத்திரி வண்டியில் டெல்லி வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சாந்தினி சவுக்கில் கால் வைக்க இடமில்லை. சோலே பட்டூரே ஒரு பிளேட் நூற்றிருபது, இரண்டு பேருக்குத் தாராளம்.

கோட்டைக்குள் பழைய ராணுவக் குடியிருப்பில் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஒரு மியூசியம் 2019 ஜனவரியில் திறந்தார்கள். அவர் உட்கார்ந்த மர நாற்காலி, வாள், சீருடைகள், பதக்கங்கள். இந்தக் கோட்டையில்தான் 1945 நவம்பர் 5 முதல் டிசம்பர் 31 வரை ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக விசாரித்தார்கள். புலாபாய் தேசாய் வாதாடினார், நேரு பல வருஷம் கழித்து வக்கீல் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்தது, ஆனால் நாடு கொதித்த கொதிப்பில் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இந்த விசாரணை நடந்த நாட்களில் லட்சுமி எங்கே இருந்தார்? பர்மாவில், பிரிட்டிஷ்காரர்களின் காவலில். 1945 மே மாதம் பிடிபட்டவரை 1946 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தான் பின்னால் கைப்பிடிக்கப்போகிற மனிதனுக்குத் தூக்கா, ஆயுளா என்று இங்கே வாதம் நடந்தபோது அவர் அவ்வளவு தொலைவில் இருந்தார். விடுதலையாகி ஒரு வருஷத்தில் கல்யாணம். கூட்டத்தின் நடுவே நின்று இதை சித்திக்குச் சொன்னபோது, பின்னால் வந்த ஒரு பெங்காலிக் குடும்பம் நின்று கேட்டது. நான் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன், லட்சுமி, சேகல் என்ற பெயர்கள் மட்டுமே அவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பாட்டி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படத்தின் முன் கூட்டிப்போய்க் காட்டினார். வரிசையாக, ரைஃபிளோடு, ராணிப் படைப் பெண்கள். சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கார்டு நகரச் சொல்லியும் நகரவில்லை. "இதுல பாதி நம்ம புள்ளைங்க மாதிரிதான்டி இருக்கு" என்றார்.

வெளியே வந்து வேர்க்கடலை வாங்கிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தோம், வெயில் நன்றாக அடித்தது, இந்தப் பயணத்தில் முதல் முறையாக ஸ்வெட்டரைக் கழற்றினேன். சித்தி வாட்டர்லூ தெருவைப் பற்றிக் கேட்டார். அங்கே இப்போது என்ன இருக்கிறது, கிருஷ்ணன் கோயில் அதே தெருவில்தானே, தங்க எவ்வளவு ஆகும் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்புறம் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லு, எழுதிக்கிறேன் என்றார்.